படத்துக்குக் கீழே ஒரு சொல்

ஒட்டுசுட்டானில் நான் வேலை பார்க்கும் அச்சுக்கடைக்கு அந்த அம்மா வருடத்துக்கு ஒருமுறை வருவார். மெலிந்த உடம்பு, இறுக்கி முடிந்த நரைத்த தலை. கணினித் திரையில் கணவரின் படம் வந்ததும் கதிரையை விட்டு எழும்பிவிடுவார். அதை மூடும்வரை உட்காரமாட்டார்.

கடைசி யுத்தத்தில் காணாமல் போன அந்த மனிதரின் படத்துக்குக் கீழே, சிவப்பு எழுத்தில் 'எங்கே?' என்று போட்டுக் கொடுப்பேன். அம்மா அதை ஏந்திக்கொண்டு போராட்டப் பந்தலில் நிற்பார்.

போன மாதம் வந்தபோது, "தம்பி, இந்தமுறை அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கோ" என்றார்.

ஏதும் செய்தி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். "அப்ப 'அமரர்' எண்டு போடவோ, அம்மா?"

"ஐயோ, வேண்டாம். மகளுக்குக் கலியாணம். 'எங்கே' எண்டு கிடந்தால் வாற சனம் அழும். 'அமரர்' எண்டு போட்டால் நானே அவரைச் சாகக் குடுத்த மாதிரி. ஒண்டும் எழுதாதேங்கோ. அவர் சும்மா வந்து நிக்கட்டும்."

சொல்லை அழித்தேன். இத்தனை வருடமும் பயந்துபோய்ப் பார்ப்பதாக எனக்குத் தெரிந்த முகம், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. படம் அதே படம்தான்.

"சரியான பகிடிக்காரன்" என்றார் அம்மா, திரையில் இருந்தவரைப் பார்த்து.

படத்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். "பழையதை அழிச்சுப்போடாதேங்கோ, தம்பி. கலியாணம் முடிஞ்ச பிறகு பந்தலுக்கு அது வேணும்."

"ஓம் அம்மா" என்றேன். வீட்டில் தனியாக இருக்கும்போது இரண்டில் எந்த முகத்தோடு கதைப்பார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.