மேல் லயத்தில் ஆள் இல்லை

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது என்று பள்ளியில் படித்தேன். ஆனால் மாநிலத் தலைநகரான குவாந்தானை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. கல்யாணச் சேலை எடுப்பதென்றால் மலையிறங்கிப் பக்கத்து மாநிலத்துத் தாப்பாவுக்குத்தான் போவோம். மாவட்டம் முக்கிம் என்னும் மூன்று உட்பிரிவுகளாகப் பிரிந்திருப்பதையும் மனப்பாடமாக ஒப்பிப்பேன். அந்த மூன்றில் எதன் கணக்கிலும் நாங்கள் இல்லாமல் போயிருப்போம்.

நான் சிறுமியாக இருந்தபோது மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஈப்போவிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தாள். தமிழ்ப் பெண். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தன் காரில் அவளை ஏற்றிக்கொண்டு வீடுகளைக் காட்டினார். கீழ் லயம் முடிந்ததும் புறப்படலாம் என்றார்.

"மேலயும் வீடு தெரியுதே சார்?"

"அது காலி வீடுலா. இடிக்கப் போறோம். ஆளே இல்ல."

அப்போது நான் அவருக்கு எதிரே குழாயடியில் வாளியுடன் நின்றிருந்தேன். மேல் லயத்துக்காரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்யவில்லை என்பதற்காக மேலே தண்ணீரை நிறுத்தியவரே அவர்தான். என்னைப் பார்த்துக்கொண்டேதான் ஆளில்லை என்றார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அப்பாவின் அக்கா, தாயில்லாத என்னை வளர்த்தவர். அப்பா திரிங்காப் என்ற ஊரில் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தை தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கே இறங்கிப் போய், கார் வரும் பாதையின் மத்தியில் நின்றுவிட்டார்.

"வழிய விடும்மா, வேலையிருக்கு" என்றார் கிராணி.

"நான் ஆளா இல்லியா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க கிராணி. கொமரியா இருந்த நாள்லேருந்து இந்த மலையில கொழுந்து எடுத்தது என்ன, பேயா?"

கிராணி ஹாரனை அழுத்தினார். அத்தை நகரவில்லை. கணக்கெடுக்க வந்த அக்காதான் கதவைத் திறந்து இறங்கி, "வாங்க ஆன்ட்டி, வீட்டக் காட்டுங்க" என்றாள்.

மேல் லயமே பரபரத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையைச் சீவிக்கொண்டு வந்து நின்றார்கள். நான் சுமந்து வந்த தண்ணீரில் அத்தை மைலோ கலக்கிக் கொடுத்தார். அக்கா என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அடுத்து அத்தையிடம் திரும்பினாள்.

"எங்க பொறந்தீங்க?"

"இதே லயத்துல. ரெண்டு வீடு தள்ளி."

"குடியுரிமை இருக்கா?"

காரையே மறித்த அத்தை இந்தக் கேள்வி வந்ததும் முதுகைக் காட்டித் திரும்பினார். அலமாரியிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கப்பாவுது நீலம்க்கா. இந்த லயத்துலயே அத்தையோடது மட்டுந்தான் சிவப்பு!" என்றேன்.

அக்கா தலை குனிந்துகொண்டாள்.

"எழுதிக்கம்மா. இங்கதான் இருக்கேன்னு எழுதிக்க" என்றார் அத்தை.

எழுதிக்கொண்டு போனாள். அதனால் குழாயில் தண்ணீர் வந்துவிடவில்லை. பிறகு லயத்தையும் இடித்துத்தான் போட்டார்கள். பிறந்தபோது யாரும் பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, இந்த மண்ணில் பிறந்தவரையே குடிமகள் இல்லை என்று சொல்லும் அட்டை அந்தச் சிவப்பு; குடிமக்களுக்கு நீலம். ஓட்டும் கிடையாது, கேட்க நாதியும் கிடையாது. அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் மலையில் நன்றாக உழைத்தவர்களுக்கு மட்டும் தோட்டத் துரை கொடுக்கும் பரிசு அது என்று நினைத்திருந்தேன். பெரியவளானதும் எனக்கும் ஒரு சிவப்பு அட்டை வேண்டும் என்று அன்றைக்கு அத்தையிடமே கேட்டேன்.