காட்சிக்கு வைத்த தட்டு

ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாரும் அவளை ‘சவ்வு அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். குடலின் உள்பக்கத்தை மூடியிருக்கும் செல்களை மெல்லிய வடிகட்டிச் சவ்வின் மேல் வளர்ப்பது அவள் வேலை. அந்த ஆராய்ச்சி வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை என்று கூப்பிட்டவர்கள் சத்தியம் செய்தார்கள்.

வீட்டில் மதிப்பு இன்னும் பெரிது. கல்யாணமான புதிதில் நாத்தனார், “அண்ணி, நீங்க எதுல வேலை பாக்கறீங்க?” என்று கேட்க, “டைட் ஜங்ஷன்ல” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். சொந்தத்தில் பாதிப் பேர் அவள் ரயில்வேயில் இருப்பதாகவே நம்பி, விடுமுறை வந்தால் டிக்கெட் கேட்டு போன் செய்தார்கள். “ரயில்வே இல்லப்பா, குடல்” என்று கணவன் திருத்தினான். அதன் பிறகு வாயுத்தொல்லைக்காரர்களும் போன் செய்தார்கள்.

விஷயம் அப்படியொன்றும் சிக்கலில்லை. குடலின் உட்பரப்பை ஒரே ஒரு அடுக்கு செல்கள் மூடியிருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துச் செல்கள் மேல் ஓரத்தில் புரத இழைகளால் ஒன்றையொன்று தைத்துக்கொள்கின்றன. அந்தத் தையல்தான் ஜங்ஷன். அது சும்மா பூசிவிட்ட பசை இல்லை. தண்ணீரையும் சின்னச் சின்ன உப்புகளையும் இடையில் புகுந்து போக விடும்; எந்த உப்பு, எவ்வளவு என்பது புரதத்தின் வகையைப் பொறுத்தது. பெரிய மூலக்கூறுக்கும் கிருமிக்கும் அந்த வழி கிடையாது. செல்லுக்குள் இருக்கும் நார் வளையம் சுருங்கினால் தையல் கொஞ்சம் நெகிழும். பிறகு மறுபடி இறுகும். எவ்வளவு இறுக்கம் என்று தெரிய, அடுக்குக்கு மேலே ஒரு மின்முனை, கீழே ஒன்று வைத்து மின்தடையை அளப்பாள். தடை ஏறினால் தடுப்பு உறுதி. இறங்கினால் கசிகிறது.

செல்கள் நெருங்கி நின்று இந்தத் தையலை ஒழுங்காகப் போட்டு முடிக்க மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை இன்குபேட்டருக்குள் சூடு மாறக்கூடாது, காற்று மாறக்கூடாது, யாரும் கை வைக்கக்கூடாது. நிலைய இயக்குநர் இதையெல்லாம் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் திறந்து காட்டினார்.

அவருக்கு விருந்தாளிகள் என்றால் உயிர். தட்டை வெளியே எடுத்து, மூடியைக் கழற்றி, செல்களுக்கு நேர் மேலே வாயை வைத்துக்கொண்டு ஒற்றுமையைப் பற்றிப் பேசுவார். “எப்படிக் கைகோத்து நிக்குது பாருங்க. நாமளும் இப்படித்தான் இருக்கணும்.” விருந்தாளிகள் நெகிழ்ந்துபோவார்கள். ஜங்ஷன்களும் நெகிழும். இரண்டொரு நாளில் தட்டில் பூஞ்சை பூத்திருக்கும்.

“உன் கை சுத்தம் பத்தலம்மா” என்பார்.

“சார், தொறக்காம இருந்தா நல்லா வரும்.”

“தொறக்காம எப்படிம்மா காட்டுறது?”

நியாயமான கேள்வி. அவள் யோசித்தாள். பின்கட்டு ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய இன்குபேட்டரைத் துடைத்து ஓடவிட்டு, உண்மையான தட்டுகளை அங்கே மாற்றினாள். கதவில் ‘பழுது’ என்று எழுதி ஒட்டினாள். முன்னறை இன்குபேட்டரில் வெறும் சவ்வும் இளஞ்சிவப்பு ஊட்டநீரும் கொண்ட ஒரு தட்டை வைத்தாள். வெறுங்கண்ணுக்குச் செல் தெரியாது என்பதால் யாருக்கும் குறையில்லை. இல்லாத செல்களின் ஒற்றுமையைப் பார்த்து ஒருவர் கண்கூடக் கலங்கினார்.

அப்போதுதான் வெளியூரிலிருந்து குடல் செல் நிபுணரான ஓர் அம்மாள் வந்தார். இயக்குநரின் சொற்பொழிவை முழுதும் கேட்டுவிட்டு, “மின்தடை என்ன வருது?” என்றார்.

இதுவரை எந்த விருந்தாளியும் அப்படிக் கேட்டதில்லை. “அளந்து காட்டும்மா” என்றார் இயக்குநர் பெருமையாக.

அவள் அந்த வெறும் சவ்வுத் தட்டில் மின்முனைகளை இறக்கினாள். மீட்டரில் எண் வந்தது. அது அதிகமா குறைவா என்று தெரியாத இயக்குநர், “அருமை” என்றார்.

“இது வெறும் சவ்வோட அளவாச்சே?” என்றார் அம்மாள்.

இயக்குநர் சும்மா இயக்குநராகிவிடவில்லை. “அதேதான். இதுல நாங்க ஒரு புது மருந்து போட்டிருக்கோம். அது பட்டா ஜங்ஷன் மொத்தமும் தொறந்துக்கும். மருந்து சுலபமா உள்ள போயிடும்.”

“கிருமியும் போகுமே?”

“அதுக்குத் தனியா ஒரு குழு அமைச்சிருக்கோம்” என்றார். போன் வந்ததாகச் சொல்லி வெளியே போனார்.

அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நெஜத் தட்டு எங்கம்மா இருக்கு?”

அவள் ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப்போனாள். அங்கே அளந்தபோது எண் மளமளவென்று ஏறி நின்றது. தையல் நிஜம்தான் என்று காட்ட, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ரசாயனத்தை ஊற்றினாள். கால்சியம் இல்லாவிட்டால் செல்களின் பிடி விட்டுப்போகும்; எண் சரிந்தது. கழுவிவிட்டு மறுபடி கால்சியம் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் தடை மெல்ல மெல்லத் திரும்பியது. அதுவரை அம்மாள் பழைய அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளோடு சேர்ந்து ஒருவர் அந்த எண்ணுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

வாசலில் இயக்குநர் தலை தெரிந்தது. எண்ணைப் பார்த்தார், அம்மாள் முகத்தைப் பார்த்தார். “இதைக் கடைசியா காட்டலாம்னு வெச்சிருந்தேன்” என்றார்.

இன்குபேட்டரை அடிக்கடி திறக்காமல் இருக்கப் பூட்டு போடுவது நல்லது என்று அம்மாள் சொல்லிவிட்டுப் போனார். இயக்குநர் அதை உடனே நிறைவேற்றினார். முன்னறை இன்குபேட்டருக்குப் பித்தளைப் பூட்டு வந்தது; சின்னதாக ஒரு விழாவும் நடந்தது. விருந்தாளிகளுக்கு இப்போது பூட்டைத்தான் காட்டுகிறார். ஸ்டோர் ரூம் பக்கம் யாரும் வருவதில்லை. அவள் தட்டுகள் வரிசையாகத் தேறின.

ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்த அன்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முதல் பெயர் இயக்குநருடையது. அதன் பிறகும் நிறையப் பேர் இருந்தார்கள். சிலரை அவளுக்கே யாரென்று தெரியாது. கணவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டினான்.

“இருக்கு” என்றான். “கடைசிக்கு முன்னாடி.”

அவள் எட்டிப் பார்த்தாள். அவள் பெயரில் ஓர் எழுத்து தப்பாக அச்சாகியிருந்தது. அவன் கவனிக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.