பதினாலா, பதினாறா

போச்சம்பள்ளி கம்பெனி பஸ்ஸில் தினமும் ஒரே சண்டைதான். வரப்போகிற லேப்டாப்பின் திரை பதினாலு இன்ச்சா, பதினாறா? அதன் மூடி செய்யும் பிரிவில் இருந்த திருநெல்வேலிப் பெண் மட்டும் பேசமாட்டாள். வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்ல வேணாம்டி, கையில காட்டு போதும்" என்று ஒரு வாரம் அரித்தேன். தொல்லை தாங்காமல் மூடியின் அகலத்துக்குக் கைகளை விரித்துக் காட்டினாள். பதினாலு இருக்கும். அன்றைக்கே அவள் பேரைப் போட்டு வாட்ஸ்அப் குழுவில் பீற்றிக்கொண்டேன். மறுநாள் கேட்டிலேயே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

லேப்டாப் வந்தது. திரை மூலைக்கு மூலை பதினாறு இன்ச்.

"அளவுகூடத் தெரியாதவள எல்லாம் வேலைக்கு வெச்சிருந்தாங்க பாரு" என்றேன், அவளுடைய ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு. பஸ்ஸே சிரித்தது.