கம்ப்யூட்டர் லாரியில் ஏறிய மயில்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழையில் காரைக்குடியில் என் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து, வேலை நின்றுபோன ஒரு வாரத்தில் தொடங்கியது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். இன்ஜினும் சக்கரமும் சட்டமும் மட்டுமாக, வெறும் சேஸாக வருகிற வண்டிக்கு கேபின், பக்கப் பலகை, பின்கதவு எல்லாம் கட்டி, பெயின்ட் அடித்து, ரோட்டில் இறக்கிவிடுவது தொழில். படித்தது நாலாம் வகுப்பு. வெல்டிங் கடையில் தரை கூட்டப் போனவன், யார் தயவும் இல்லாமல் சொந்தப் பட்டறை போட்டேன். ஒரு வண்டி தூரத்தில் வரும்போதே அது எந்த ஊரில் கட்டியது என்று சொல்லிவிடுவேன். இதை நானே சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். மற்றவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த மழை வாரத்தில் வீட்டுக்குள் உட்காரத் தெரியாமல் அறை அறையாக நடந்துகொண்டிருந்தேன். மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். வேலை முடிந்த பிறகும் திரையை விட்டு எழுந்திருக்கவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். விரல் நகம் அளவில் ஒரு லாரி வரைந்துகொண்டிருந்தாள்.

“என்னத்தா, லாரிக்கு இப்புடி ஒரு சோதனை?” என்றேன்.

சிரித்துவிட்டு விளக்கினாள். அது ஒரு விளையாட்டாம். ரோடு போட்டு, ஊர்களை இணைத்து, சரக்கு ஏற்றி, எதிர்க் கம்பெனிகளை முந்த வேண்டும். யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதை உருவாக்கியதும் ஒரு கம்பெனி இல்லை; விளையாடுகிறவர்களே பல நாடுகளில் இருந்துகொண்டு எழுதுகிறார்கள், படம் வரைகிறார்கள். “நம்ம ஊரு லாரி ஒண்ணுகூட அதுல இல்ல மாமா. அதான் நானே வரையிறேன்” என்றாள். லாரி, டவுன் பஸ், டிராக்டர் என்று இரண்டு வருடமாக ஒரு தொகுப்பே செய்து வைத்திருந்தாள்.

ஒவ்வொரு வண்டியையும் எட்டுத் திசையில் வரைய வேண்டுமாம். வலது பக்கம் போகிற படத்தை அப்படியே கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி, இடது பக்கம் போகிற படமாக வைத்திருந்தாள். பார்த்தவுடனே சொன்னேன், “ஆத்தா, திரும்புனதும் டிரைவர் இடது பக்கம் போயிட்டான் பாரு. டீசல் டாங்கும் எடம் மாறிருச்சு.”

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “இத்தன நாளா ஒருத்தரும் கண்டுபிடிக்கல மாமா” என்று சொல்லி எல்லாவற்றையும் திருத்த ஆரம்பித்தாள். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் என்றாலும் என்னிடம்தான் வருவாள். நானும் பட்டறைப் புகைப்பட ஆல்பத்தை எடுத்துவந்து அவள் மேசையில் வைத்தேன்.

அதில்தான் மயிலைப் பார்த்தாள். கேபினுக்கு மேலே நெற்றிப் பலகையில் தோகையை விரித்து நிற்கும். லாரியில் மயில் எல்லா ஊரிலும் வரைகிறார்கள். எங்கள் மயில், எதிரே வருகிறவனை ஒதுங்கச் சொல்வதுபோலப் பார்க்கும்.

“இத யாரு மாமா வரஞ்சது?”

“நான்தான்.”

“நீங்களா வரஞ்சீக?”

“பின்ன? எங்க பட்டறை மயிலு.”

அப்போது எனக்கு அது பொய்யாகவே படவில்லை. வெல்டிங் ஒருவர் வைக்கிறார், பலகை ஒருவர் இழைக்கிறார், ஆனால் ‘இந்த பாடி நான் கட்டினது’ என்றுதானே சொல்கிறேன். மயிலையும் அதே மாதிரி சொல்லிவிட்டேன். உண்மையில் அதை வரைந்தவர் எங்கள் பட்டறையில் நெடுங்காலம் இருந்த பெயிண்டர். ஏதோ ஒரு வாய்ச்சண்டையில் கிளம்பிப் போனவர், தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தார். இருவருக்கும் பேச்சு நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன.

மருமகள் அந்த மயிலைப் பார்த்துப் பார்த்து வரைந்து, தன் லாரிகள் எல்லாவற்றிலும் ஏற்றினாள். ரோட்டில் ஓடும்போது புள்ளிபோலத்தான் தெரியும். விளையாடுகிறவர் லாரி வாங்கும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக வரும். பிறகு ஒருநாள் ஒரு தாளோடு வந்து, மயிலை எடுத்துக்கொள்ள என் சம்மதம் வேண்டும் என்றாள்.

“சும்மா குடுக்குறதுக்கு எதுக்குத்தா பத்திரம்?”

“சும்மா குடுக்குறதாலதான் மாமா. வித்தா ரசீது இருக்கும். இதுல யாரு வேணாலும் படத்த எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், விக்கக்கூடச் செய்யலாம். ஆனா வரஞ்சவுக பேர எடுக்கக் கூடாது. மாத்துனதையும் இதே மாதிரி மத்தவுகளுக்குக் குடுத்துரணும். அதான் ஒப்பந்தம். பேரு தப்பா இருந்தா மொத்தத் தொகுப்பையும் எடுத்துருவாக.”

என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உலகம் பூராவும் நம் பெயர் போகட்டுமே என்று இருந்தது. டீக்கடையில் இரண்டு நாள் இதையே பேசினேன்.

தொகுப்பு அந்த விளையாட்டுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்த பத்துப் பதினைந்து நாளில் ஒரு கேள்வி வந்தது. படங்களைச் சரிபார்க்கிற வெளிநாட்டுப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள். மயிலின் தோகையில் வலது ஓரத்திலிருந்து மூன்றாவது இறகில் கண் நிரப்பப்படாமல் வெறுமையாக இருக்கிறது. அது தவறா, வழக்கமா? தவறென்றால் நிரப்பிவிடலாமா?

மருமகள் என்னைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

“அது திருஷ்டிக்கு விட்டது. முழுசா இருந்தா கண்ணு பட்டுரும்.”

அவள் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். அங்கே எல்லோருக்கும் பிடித்துப்போய், லாரி பற்றிய குறிப்பிலேயே சேர்த்துவிட்டார்களாம்.

எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. மறுநாள் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். சிவப்பு லாரி, மஞ்சள் லாரி, சிமென்ட் வண்டி, வைக்கோல் வண்டி. ஒரு மயில் தப்பவில்லை. எல்லாவற்றிலும் அதே மூன்றாவது இறகு, அதே வெற்றுக் கண். என் பட்டறையில், என் கண் முன்னால் வரைந்தவை. ஒருநாளும் நான் கவனித்ததில்லை. ஏன் அப்படி விட்டார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

பெயிண்டர் கண்டரமாணிக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் படம் வரைகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, பிள்ளையார்பட்டி வழியாக வண்டியை விட்டேன். ஏணி உச்சியில் நின்று ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து எழுதிக்கொண்டிருந்தார்.

“வாங்க மொதலாளி. எங்குட்டு இம்புட்டுத் தூரம்?”

“ஒன்னயத்தான் பாக்க வந்தேன். கொஞ்சம் எறங்கு.”

“ஈரம் காயிறதுக்குள்ள புள்ளி வைக்கணும். அங்குட்டு நின்னே சொல்லுங்க.”

போனில் இருந்த மயில் படத்தை அண்ணாந்து நீட்டி, அந்த இறகைப் பற்றிக் கேட்டேன். தூரிகை நின்றது.

“இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் பாத்தீகளா?”

“நான் பாக்கல. வெளிநாட்டுக்காரி ஒருத்தி பாத்துக் கேட்டா.”

ஏணி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். “தெனம் பக்கத்துல நின்னவுகளுக்குத் தெரியல. கடல் தாண்டி இருக்கவளுக்குத் தெரிஞ்சிருக்கு.” பிறகு சிரிப்பு நின்றது. “மொத மயிலு வரஞ்ச அன்னைக்கு, ஓரத்துல சின்னதா என் பேர எழுதிக்கிறவான்னு ஒங்ககிட்ட கேட்டேன். லாரியில பட்டறை பேரு ஒண்ணுதான் இருக்கணும்னு சொன்னீக. சரின்னுட்டு ஒரு கண்ண நெரப்பாம விட்டேன். அதுதான் என் பேரு. இன்னைக்கும் எதுத்தாப்புல லாரி வந்தா அந்த எறகத்தான் பாப்பேன்.”

அவர் கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை. நான் அப்படிச் சொல்லியிருப்பேன் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

வேறு வழியில்லாமல், கீழே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வரைந்தவர் என்று என் பெயர் போயிருப்பதையும், அவர் சம்மதிக்காவிட்டால் மருமகளின் இரண்டு வருட உழைப்பு வெளியே போய்விடும் என்பதையும் சொன்னேன். அவர் கழுத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டே போனார். கடைசிப் புள்ளியை வைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

“எவன் வேணாலும் எடுத்துக்கிறலாமா?”

“எடுத்துக்கிறலாம்.”

“அந்தக் கண்ண நெரப்பிட்டா?”

“நெரப்பலாம். ஆனா ஒன் பேர எடுக்க முடியாது. எந்தத் தேசத்துல எவன் எடுத்தாலும் அது கூடவே போகணும்.”

“எழுதியிருக்கா, இல்ல நீங்களாச் சொல்றீகளா?”

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிப் பயனில்லை. மருமகளுக்குப் போன் போட்டேன். அவர் பக்கத்தில் நிற்க, மயிலை நான் வரையவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

“அப்ப திருஷ்டின்னு சொன்னது?”

“அதுவும் வாய்க்கு வந்ததத்தான் சொன்னேன்.”

“போன அவர்ட்ட குடுங்க மாமா.”

ஒப்பந்தத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். அவர் காதில் பெயின்ட் ஒட்டுகிற அளவுக்குப் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘ம்’, ‘ம்’ என்று கேட்டார். கடைசியில் சொன்னார், “அப்ப நெரப்பிக்கிறட்டும்மா. பேரு இருக்கையில கண்ணு எதுக்கு.”

அன்று சாயங்காலமே மருமகள் நடந்ததை மறைக்காமல் எழுதி அனுப்பினாள். சரிபார்த்து முடியும்வரை தொகுப்பை நிறுத்திவைத்தார்கள். அந்த நாட்களில் அவள் என்னைத் திட்டவில்லை. காபியை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போவாள், திட்டியிருந்தால் தேவலை. பெயிண்டர் தன் கையால் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்ட சம்மதத்தைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் தொகுப்பு மறுபடி ஏறியது. கேள்வி கேட்ட அந்தப் பெண், யாரும் அந்தக் கண்ணை நிரப்ப வேண்டாம், அது ஓவியரின் கையெழுத்து என்று குறிப்பை மாற்றிவிட்டாள். வரைந்தவர்கள் பட்டியலிலிருந்து என் பெயர் போயிற்று. வலித்ததா என்றால், வலித்தது. மருமகள் என்னிடம் சிரித்துப் பேசத் தை மாதம் ஆனது.

இதை எழுதும்முன் பெயிண்டரிடம், உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். “இருக்க வேண்டிய எடத்துல இருக்கு, போதும்” என்றார்.

இப்போது பட்டறையிலிருந்து ஒரு வண்டி வெளியே போகும்போது, வாங்க வந்தவர் “யாரு கட்டுனது?” என்று கேட்டால், வெல்டர், ஆசாரி, பெயிண்டர், தார்ப்பாய் தைத்தவர் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்கிறேன்; சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தில்தான் நான் எவ்வளவு பெரிய பட்டறை போட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.