வெள்ளையில் விழுந்த குண்டுகள்

கடைக்காரர் அந்தத் துவக்கை எடுத்து என்னிடம் தரவில்லை. எனக்குப் பின்னால் கதவோரம் நின்ற அத்தானின் கையில் கொடுத்தார். வாங்க வந்தவள் நான். லைசென்ஸ் எடுத்தவள் நான். டாக்டரிடமும் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரிலும் வரிசையில் நின்று கால் வீங்கினவளும் நான்தான். ஆனாலும் பலேர்மோவில் ஒரு துவக்குக் கடைக்குள் ஆணும் பெண்ணுமாகப் போனால் சாமான் ஆணின் கைக்குத்தான் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்கலாமென்று வாயைத் திறந்தவள், அத்தானின் கைகளைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

அந்தக் கைகள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. குழலை நிலத்தை நோக்கித் திருப்பின. பக்கத்துப் பிடியை இழுத்துக் குண்டு போடும் இடத்தைத் திறந்தன. உள்ளே வெறுமையாக இருக்கிறதா என்று கண் பார்த்தது. சுட்டுவிரல் விசையைத் தொடாமல் வெளியே நீட்டி நின்றது. எல்லாம் ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. கடைக்காரர் புருவத்தை உயர்த்தி "மிலித்தாரே?" என்று கேட்டார். பட்டாளத்தில் இருந்தீரோ என்கிறார். அத்தான் கொதிக்கிற சட்டியைத் தொட்டவர் மாதிரித் துவக்கை மேசையில் வைத்துவிட்டு, "நோ, நோ, சினிமா" என்று சிரித்தார். படத்தில் பார்த்துப் பழகியதாம்.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. மன்னார்ப் பக்கத்தவர். பதினேழு வயதில் இயக்கம் கொண்டுபோனது. சில வருடங்கள் கழித்துத் தப்பி வந்தார். அங்கே என்ன செய்தார் என்று அக்காவே கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கதைக்கு வாய்ப்பூட்டு. பலேர்மோவில் பிறந்து வளர்ந்த அவருடைய ஒரே மகளுக்குச் சொல்லப்பட்டது வேறு: அப்பா சண்டைக் காலம் முழுக்க மன்னாரில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றவர். அவளும் அதை நம்பி, பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட எழுதியிருக்கிறாள். இங்கே அவர் மாடிப்படி கழுவுகிற வேலை செய்தார். முதலாளி ஏசினாலும், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இழுபட்டாலும் அலட்டிக்கொள்ளாத மனிதர். அந்தப் பிள்ளை தன்னைப் பார்க்கிற பார்வை ஒருநாள் மாறிவிடுமோ என்ற ஒன்றுக்குத்தான் பயந்தார். அந்தப் பயத்தோடேயே சாப்பிட்டார், படுத்தார்.

எனக்கேன் துவக்கு என்று கேட்பீர்கள். நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா சுடுதளத்துக்குப் போகிறவ. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனா. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, தூரத்தில் ஒரு தாள், அதில் ஒரு கறுப்பு வட்டம். அந்த ஒரு மணித்தியாலம் ஒருத்தரும் என்னோடு கதைக்கவில்லை, ஒருத்தரும் என்னைக் கூப்பிடவில்லை. வாழ்க்கையில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி கிடைத்ததே இல்லை. நான் சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டவள். துவக்கென்றால் எனக்கு அந்தத் தாளும் வட்டமும்தான். என் கணவர், "கத்தரிக்காய் ஒழுங்கா வெட்டத் தெரியாது, இவ துவக்குத் தூக்கப் போறா" என்றார். கத்தரிக்காய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

லைசென்ஸ் எடுப்பவர், வீட்டில் கூட வசிக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் அதை அறிவிக்க வேண்டும் என்பது இங்கத்தைச் சட்டம். பலேர்மோவில் ஒரேத்தோ வீதியில் அக்கா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஆகவே சோற்றுக் கோப்பைகளுக்கு முன்னால் வைத்துச் சொன்னேன். அக்கா, "உனக்கென்ன விசரோ? இந்த வீட்டுக்குள்ளை அந்தச் சனியனோ?" என்று கத்தினா. அத்தான் சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "பூட்டின பெட்டிக்குள்ளை இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையிலை நான் காரிலை கொண்டுபோய் விடுறன்" என்றார்.

கடைக்காரர் அன்று மூன்று துவக்குகளைக் காட்டினார். முதலாவது காற்றுத் துவக்கு. லைசென்ஸே தேவையில்லாதது, பத்து மீற்றருக்குப் போதும். இரண்டாவது பெரிய ரகம், தூரத்துக்குச் சுடுவது. கூட வந்திருந்த என் கணவர் அதைத்தான் கண்வெட்டாமல் பார்த்தார். "எடுக்கிறதெண்டால் எடுப்பா எடு" என்றார். தோளில் உதைக்கிற உதையும் ஒரு குண்டின் விலையும் தெரிந்ததும் ஆள் அடங்கிப்போனார். மூன்றாவது இருபத்திரண்டு என்று சொல்லப்படும் சின்ன ரகம். உதை இல்லை, சத்தம் குறைவு, குண்டு மலிவு, ஐம்பது மீற்றருக்கு அளவானது. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் வாங்குவார்களாம். அதிலும் இரண்டு விதம் இருந்தது. ஒன்று கறுப்பாக, பட்டாளத்துக்காரன் தூக்குகிறது மாதிரி. விசையை அழுத்த அழுத்தத் தொடர்ந்து போகும். மற்றது மரக்கட்டை போட்டது. ஒவ்வொரு குண்டையும் கையால்தான் போடவேண்டும். கறுப்பு எனக்குப் பிடித்திருந்தது, வடிவாயிருந்தது.

கதவோரம் நின்ற அத்தான் அப்போதுதான் வாய் திறந்தார். "மரத்தை எடு பிள்ளை. ஒண்டு போட்டால் ஒண்டுதான் போகவேணும். ஒவ்வொண்டுக்கும் இடையிலை யோசிக்க நேரம் வேணும்." தாளைச் சுடுவதற்கு என்ன யோசனை வேண்டிக்கிடக்கு என்று நினைத்தேன். ஆனால் மரத்தைத்தான் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து சுடுதளத்துக்குப் போவோம். பூசைக்குப் போகிற வழியில் அத்தான் ஒரு பாரில் நின்று கோப்பி குடிப்பார். மற்ற நாட்களில் அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஞாயிறு மட்டும்தான். நற்கருணைக்கு எல்லோரும் எழும்பி வரிசையில் போகும்போது, "கோப்பி குடிச்சிட்டன்" என்று கையைக் காட்டிவிட்டுத் தன் வாங்குப் பலகையிலேயே இருந்துவிடுவார். ஒரு மணித்தியாலத்துக்குள் எதிலும் வாய் வைத்தவர் நன்மை, அதுதான் அந்த நற்கருணை, வாங்கக் கூடாது என்பது சரிதான். இந்த மனிசனுக்கு ஒரு மணித்தியாலம் பொறுக்கேலாதோ என்று அக்காவோடு சேர்ந்து நானும் புறுபுறுத்திருக்கிறேன்.

சுடுதளத்தில் அத்தான் முதலில் வெளியே காரில் இருந்தார். பிறகு உள்ளே வந்து பின்னால் கிடந்த வாங்கில் இருந்தார். ஒருநாள் அவராகவே அங்கத்துவத்துக்குப் பெயர் கொடுத்தார். முன்பு சுட்டதுண்டா என்று கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டினார். என் துவக்கைத்தான் பாவித்தார். அவருடைய தாளை இழுத்து எடுத்தால் கறுப்பு வட்டத்தில் ஒரு ஓட்டைகூட இருக்காது. எல்லாம் கீழே, இடப்பக்கத்து வெள்ளையில். "என்ன அத்தான், அந்த வட்டம் உங்களுக்குச் சொந்தக்காரனோ, தொடவே மாட்டன் எண்டிறியள்?" என்று பகிடி பண்ணுவேன். அவரும் சிரிப்பார். எங்களோடு வந்து சுட்டுப் பார்க்கிற என் கணவருக்கோ தன்னைவிட மோசமாகச் சுடுகிற ஒருவர் கிடைத்த சந்தோசம். மாதக்கணக்கில் அப்படியே போனது. அவர் அவ்வளவு லேசான முகத்தோடு இருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. திரும்பி வரும்போது பாட்டுக்கூட முணுமுணுப்பார்.

அதைக் கெடுத்தது ஒரு நல்ல மனிதர். அங்கத்தைப் பயிற்சியாளர், கிழவர், கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். ஒரு ஞாயிறு அத்தானின் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தவர், சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அந்த ஓட்டைகள்மேல் வைத்தார். எல்லாம் நாணயத்துக்குள் மறைந்துபோயின. என் தாளையும் எடுத்து வைத்தார். என்னுடையவை நாய் குதறினது மாதிரி நாலு பக்கமும் சிதறிக் கிடந்தன. "சிஞ்ஞோரா, சுடத் தெரியாதவர் தவறுவது இப்படி" என்று என் தாளைத் தட்டினார். "உங்கள் அத்தான் தவறவிடவில்லை. அவர் வைக்க நினைக்கிற இடத்தில் வைக்கிறார்." பிறகு கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். வந்து பாருங்கள், இந்த ஆளை அடுத்த போட்டிக்கு எங்கள் அணியில் சேர்க்கப்போகிறேன் என்றார். எல்லோரும் சுற்றி நின்று முதுகில் தட்டினார்கள். அத்தானின் முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. அவர் என் துவக்கை வெறுமையாக்கி, திறந்தபடி வைத்துவிட்டு, வெளியே போனார்.

என் கணவர் அன்று பகேரியாவில் ஒரு வேலையென்று அங்கிருந்தே போய்விட, காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான்தான் பொறுக்கமுடியாமல், "ஏன் அத்தான் நடுவிலை சுடேல்லை?" என்று கேட்டேன்.

"நான் தவறவிடப் பழகிறன் பிள்ளை," என்றார், வீதியைப் பார்த்தபடியே. "அப்ப எனக்கு அது தெரியாது. பக்கத்திலை நிண்டவங்கள் சிலர் வேணுமெண்டே மேலை சுடுவாங்கள். எனக்கு அந்தப் புத்தி வரேல்லை. நல்லாச் சுடுறாய், நல்லாச் சுடுறாய் எண்டு சொல்லச் சொல்ல இன்னும் நல்லாச் சுட்டன்." கியரை மாற்றிக்கொண்டே, "இவ்வளவு மாசமும் பார், ஒருத்தரும் சாகேல்லை" என்றார்.



அதோடு அவர் சுடுதளத்துக்கு வரவில்லை. என் கணவர் சும்மா இருப்பாரா? நாணயக் கதையைக் கோயில் வாசலில் விரித்துவிட்டார். அடுத்த கிழமை மகள் சாப்பாட்டு மேசையில், "பப்பா, நீங்க சாம்பியோனேயாமே! எங்கை பழகினனீங்க?" என்று கண்ணெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள். அத்தான், "குருட்டு அதிர்ஷ்டம், கண்மணி" என்றார். அவள் விடாமல் அணியில் சேரச்சொல்லி நச்சரித்தாள். அவர் எழும்பிப் போய்க் கை கழுவினார், கழுவிக்கொண்டே நின்றார். எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் மனுசனை அன்றிரவு நான் ஏசின ஏச்சு கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கும், ஆனால் ஏனென்று அவருக்குச் சொல்லவில்லை.

பிறகு அத்தானுக்கு வருத்தம் வந்தது, ஈரலில். கடைசி நாட்களில் அவருக்குத் தண்ணீரே இறங்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் வைப்போம். எங்கள் தமிழ்ச் சுவாமி நற்கருணையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அத்தான் கண்ணைத் திறந்து பார்த்து, "கோப்பி குடிச்சிட்டன் சுவாமி" என்றார். சுவாமி புத்தி தடுமாறுகிறது என்று நினைத்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். கட்டிலின் மறுபக்கம் நின்ற எனக்குத்தான் தெரியும், புத்தி தெளிவாகவே இருந்தது. அந்தக் கோப்பி நன்மை வாங்காமல் விலகி நிற்க அவர் வைத்திருந்த சாட்டு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் இன்னும் சுடுகிறேன். நல்லாவே சுடுகிறேன் என்று சொல்கிறார்கள். சிலநாள் அவரைப்போல வெள்ளையில் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பேன், முடிவதில்லை. கண் தன்பாட்டில் கறுப்புக்குப் போய்விடுகிறது.

போன மாதம் மகள் தானும் வருகிறேன் என்று காரில் ஏறினாள். வேலைக்குப் போகிற பெரிய பெண் இப்போது. வழியில் வெளியே பார்த்தபடி கேட்டாள்: "சித்தி, அப்பா உண்மையா நல்லாச் சுடுவாரோ? மன்னாரிலை பலசரக்குக் கடையிலை நிண்டவருக்கு அது எப்பிடித் தெரியும்?"

கேள்வி அவளுக்குள் எவ்வளவு காலமாய் இருந்ததோ. அவள் என் முகத்தைப் பார்க்க முன் நான் முந்திக்கொண்டேன். "ஆர் சொன்னது? உன்ரை சித்தப்பாவின்ரை புளுகைக் கேளாதை. பக்கத்திலை நிண்டு பார்த்தவள் நான். ஒரு குண்டுகூட வட்டத்திலை படேல்லை."

"ஒண்டுகூட?"

"சத்தியமா ஒண்டுகூட இல்லை."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "போவெரோ பப்பா. பாவம், அவருக்கு ஒண்டும் தெரியாது" என்றாள்.

"ஓம் பிள்ளை," என்றேன். "அவருக்கு ஒண்டும் தெரியாது."