ஈ இல்லாத சனிக்கிழமை

அன்று கடற்கரையில் இருந்தவர்களை இப்போதும் விரல் மடக்கிச் சொல்வேன். ஹோட்டல் மெனேஜர். அவரோடு கோப்பும் கையுமாக வந்த இளம் பெண். அவரை எல்லோரும் மிஸ் என்றார்கள். ஹோட்டல் மரவேலைக்கென்று தாய்லாந்திலிருந்து வந்திருந்த தச்சர், நாங்கள் பாஸ் என்போம். எங்கள் பள்ளிவாசல் தலைவர். என் கூடப்பிறந்த அக்கா, என் ராத்தா. எங்களுக்குப் பக்கத்தில் கருவாடு காயப்போடும் மூன்று பெண்கள். நான். ஒன்பது பேர். பத்தாவது ஆள் இல்லை. கருவாடும் இல்லை, ஈயும் இல்லை. இருபது வருடத்தில் அந்தக் கரையில் ஈ இல்லாத நாள் அது ஒன்றுதான். அப்படி ஆக்கியவள் நான்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது எனக்குப் பத்து வயது. முகாமில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. வாசிப்பேன், மெதுவாக. எழுதுவேன், கோணலாக. ஆனால் யாராவது கோப்பொன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தால், எழும்பிப் போகச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைப்பேன். ராத்தா சிரிப்பாள். "ஒனக்கு காத்து அடிச்சாலும் பயம், அடிக்காட்டியும் பயம்" என்பாள்.

கற்பிட்டிப் பக்கத்துக் கரையில் எனக்குப் பதினான்கு பரண் இருந்தது. சவுக்குக் கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் சூடை மீனும் கட்டா மீனும் காயும். பாலாவி உப்பளத்து உப்பு, நல்ல காற்று, மூன்று வெயில். என் கணவர் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்தப் பதினான்கு பரண்தான் வளர்த்தது. ராத்தாவுக்கு ஒன்பது இருந்தது.

பக்கத்துக் காணியை கொழும்புக் கம்பெனி ஒன்று வாங்கி ஹோட்டல் கட்டத் தொடங்கியது. எல்லாம் மரம். உயரமான தூண்களின் மேல் நீள நீளமான மண்டபங்கள், கடல் வரைக்கும் மரத்தாலான நடைபாதை. தாய்லாந்து அரசன் ஒருவனின் கோடைகால மாளிகை மாதிரி என்றார்கள். எனக்கென்ன, அரசனின் மாளிகையாவது ஆண்டியின் மடமாவது. நான் கவனித்தது ஒன்றைத்தான். மேல்காற்று அடிக்கும்போது எங்கள் கருவாட்டு வாடை நேராக அந்த மண்டபத்துக்குள் போகும்.

நான் பயந்தது வீண் போகவில்லை. ஒரு வியாழக்கிழமை பள்ளிவாசல் தலைவர் போன் எடுத்தார். "சனிக்கிழம ளுஹர் தொழுகைக்குப் பொறகு ஹோட்டல் ஆக்கள் வாறாங்க. ஒங்கட பரண் விசயமாக் கதைக்க. கொஞ்சம் துப்பரவா வெச்சிக்கோங்க."

துப்பரவாக. அந்தச் சொல்லை இரண்டு இரவு சப்பிக்கொண்டே கிடந்தேன். நாற்றம் என்று மூக்கைப் பொத்தினால் என்ன செய்வது? ஈ மொய்க்கிறது, சுகாதாரக் கேடு என்று எழுதிக்கொண்டு போனால்? வெள்ளிக்கிழமை விடியவே போய் எல்லோரிடமும் சொன்னேன். காய்ந்ததோ காயாததோ, எல்லாவற்றையும் எடுத்து விடுவோம். வலையைக் கழற்றிச் சுருட்டுவோம். கம்பையும் பிடுங்கி அடுக்குவோம். கரையைக் கூட்டுவோம்.

ராத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "வாறது யாரு, மாப்புள வீட்டாரா? பொண்ணு பாக்கவா வாறாங்க?"

"நாத்தம் எண்டு செல்லிட்டுப் போனா என்ன செய்ற, ராத்தா?"

"கருவாடு கருவாடு மாதிரித்தான் மணக்கும். பின்ன அத்தர் மாதிரியா மணக்கும்?"

ஆனாலும் எடுத்தாள். விருந்தாளி வரும் வீட்டை அசிங்கமாக வைத்திருக்க எங்களுக்குத் தெரியாது. ஐந்து பேரும் அந்தி வரைக்கும் பிடுங்கினோம். என்னுடைய இரண்டு பரண்களின் கம்புகள் மண்ணுக்குள் இறுகிப்போய் வரவில்லை. அவற்றை மட்டும் விட்டோம். மீன் குடலைப் புதைத்தோம். ஈர்க்கு விளக்குமாற்றால் கடற்கரை மணலைக் கூட்டினோம். பள்ளிவாசலிலிருந்து பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. பிஸ்கட் வாங்கினேன். நல்ல கோப்பைகளை வீட்டிலிருந்து கொண்டு வந்தேன். இப்போது நினைக்க உடம்பெல்லாம் எரிகிறது.

மெனேஜர் நல்ல மனிசன் மாதிரித்தான் கதைத்தார். எங்களுக்கு மாளிகையின் படம் காட்டினார். "நூறு வருசத்துக்கு முந்தி ஒரு ராஜா கட்டினது. அவருக்கு மூட்டு வருத்தம். கடல் காத்து நல்லது எண்டு டொக்டர்மார் சொன்னாங்களாம். அந்த மாதிரி ஒரு இடத்த நாங்க உங்கட ஊர்ல கட்டுறம். உங்களுக்கும் பெருமைதானே."

பெருமைக்கு நாங்கள் தேநீர் ஊற்றிக் கொடுத்தோம். கடைசியில் விசயத்துக்கு வந்தார். கருவாடு போடும் இடத்தை உள்ளே இருக்கும் உப்புநீர்க் களப்புப் பக்கம் மாற்ற வேண்டும். ஒரு பரணுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் தருவார்கள். தலைவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தலையாட்டினோம். மறுத்தால் சல்லியும் இல்லாமல் அனுப்புவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான்தான் கேட்டேன். "எழுதித் தருவீங்களா, சேர்?"

"எழுத்து என்னத்துக்கு? மிஸ் எல்லாத்தயும் படம் எடுக்கிறா. படத்த விடவா எழுத்து?"

மிஸ் எடுத்துக்கொண்டுதான் இருந்தார். கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். படம் இருக்கிறது என்று கேட்டதும் எனக்கு மனம் ஆறியது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். அதுவும் எரிகிறது.

தாய்லாந்து பாஸ் மட்டும் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளிக்கிழமைகளில் என்னிடம் கட்டாக் கருவாடு வாங்குகிற மனிசன். அதைப் பொரித்து மேசன்மாரோடு பங்கு போட்டுத் தின்பார். வெறும் மணலைக் காட்டி, கையால் மீனை வரிசையாக அடுக்குவது போல் செய்து, எங்கே என்று கேட்டார். இன்றைக்கு இல்லை என்று கையை ஆட்டினேன். அவர் முகம் சுருங்கியது. அந்தக் கூட்டத்தில் கருவாட்டைத் தேடியது அவர் ஒருவர்தான்.

இரண்டு கிழமைக்குள் டிராக்டர் பிடித்து எல்லாவற்றையும் களப்புப் பக்கம் கொண்டு போனோம். டிராக்டர் கூலியும் நாங்களே. அதற்குப் பிறகு தலைவர் கையில் ஒரே ஒரு கடித உறை வந்தது. என் பெயருக்கு, முப்பத்தாறாயிரம். ராத்தாவுக்கு உறையே இல்லை. மற்ற மூவருக்கும் இல்லை.

தலைவர் முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு சொன்னார். "படத்தில இரிக்கிறதுக்குத்தானாம் புள்ள. படத்தில ரெண்டு பரண்தான் இரிக்கிதாம்."

பிடுங்க முடியாமல் நின்ற இரண்டு.

ராத்தா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லது. "கூட்டினியே, விளக்குமாறால. நல்லாக் கூட்டின" என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஹோட்டலுக்குப் போனேன். மெனேஜர் வரும் வரை முன் மண்டபத்தில் இருக்கச் சொன்னார்கள். சுவரில் பெரிய பலகை ஒன்று, மூன்று மொழியிலும் மாளிகையின் வரலாறு. ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். ஆயிரத்துக்கும் மேலே தூண்களாம். எறும்பு ஏறாமல் தூணின் அடியில் தண்ணீர் நிற்கும் பள்ளம் வைத்திருந்தார்களாம். அரசன் முதலில் வேறொரு கடற்கரையில் இருந்தானாம். பிறகு மாளிகையைக் கழற்றி, எழில் மிகுந்த இன்னொரு கரைக்கு மாற்றினானாம். அங்கே மான்கள் திரிந்ததால் மாளிகைக்கு மானின் பெயரையே வைத்தானாம். எந்த விலங்குக்கும் தீங்கு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டானாம். இவ்வளவையும் கட்டி அவன் வந்து தங்கியது இரண்டே கோடைகாலம். பிறகு செத்துப்போனான்.

மெனேஜர் வந்தார். கணினியில் படத்தைத் திறந்து காட்டினார். சுத்தமான மணல். இரண்டு பரண். ஐந்து பெண்கள் கதிரையில் சிரித்துக்கொண்டு.

"சேர், நீங்க வாறீங்க எண்டுதானே எடுத்து வெச்சோம்."

"நாங்க எடுக்கச் சொல்லலயே அம்மா."

"துப்பரவா வைக்கச் சொன்னீங்க."

"துப்பரவு வேற, இல்லாம ஆக்கிறது வேற. கம்பெனிக்கு நான் என்னத்தக் காட்டுறது? நீங்களே சொல்லுங்க."

என் நல்ல கோப்பையில் தேநீர் குடித்தது இவருடைய வாய்தான் என்று மட்டும் அவரைப் பார்த்து நினைத்தேன்.

வெளியே வந்தபோது பாஸ் ஒரு கதவுச் சட்டத்தைச் சீவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தினார். அவருடைய போன் தமிழ் கதைக்கும். நடந்ததை நான் அதற்குள் சொல்ல, அது அவருடைய பாசையில் சொன்னது. பிறகு அவர் போனுக்குள் நீளமாகக் கதைத்தார். அது செய்தி வாசிப்பது போல வாசித்தது. "அரசர் முதலில் இருந்த கடற்கரையில் மீனவர் கிராமம் இருந்தது. ஈக்கள் மிக அதிகம். நல்ல தண்ணீர் இல்லை. ஆகவே அரசர் தன் மாளிகையைக் கழற்றி எடுத்துச் சென்றார்."

"மீன்காரர்?" என்று கேட்டேன்.

"போனது அரசர்" என்றது போன்.

நான் அந்த மரச்சீவல்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாட்டையே ஆண்டவன், ஈ தொல்லை தாங்காமல் தன் வீட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். அவனுடைய வீட்டைப் பார்த்துக் கட்டியவர்கள் எங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, சுவரில் எழில் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஈயைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. ஈயைச் சொன்னால் எங்களையும் சொல்ல வேண்டும். எறும்புக்குப் பள்ளம் உண்டு, மானுக்கு உத்தரவு உண்டு.

பாஸ் போனில் எதையோ தேடி நீட்டினார். மனைவிக்கு அனுப்புவதற்காக ஒரு வெள்ளிக்கிழமை எடுத்த படம். என் பரண்கள். விரலால் பெரிதாக்கி எண்ணினேன். பதினான்கு. நம்பிக்கை இல்லாமல் இன்னும் இரண்டு தடவை எண்ணினேன். பின்னால் ராத்தாவின் ஒன்பதும் தெரிந்தது. மற்ற மூவருடையது படத்துக்குள் வரவில்லை. ராத்தா யாரையோ ஏசிக்கொண்டு நிற்கிறாள், வாய் திறந்தபடி. எல்லாவற்றின் மேலும் ஈ.

அந்தப் படம் என் மகளின் போனுக்கு வந்தது. அதை மெனேஜரிடம் கொண்டு போனேன். "இத நாங்க எடுக்கலயே" என்றார். பிறகு கொழும்புக்கு அனுப்பிக் கேட்பதாகச் சொன்னார். நான்கு மாதம் ஆகிறது. பாஸ் ஊருக்குப் போய்விட்டார். ஒவ்வொரு மாதமும் முதல் திங்களில் போய் அந்தப் பலகைக்கு முன்னால் உட்காருகிறேன். எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

களப்புப் பக்கம் காற்று இல்லை. லொறிப் புழுதி கருவாட்டில் படிகிறது. பாதி விலைக்கும் கேட்க ஆளில்லை. போன கிழமை அங்கேயும் ஒருவர் கோப்போடு வந்தார். இந்த முறை விளக்குமாற்றைத் தொடவில்லை. குடல் வாளியை அவர் காலடிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுச் சொன்னேன். "படம் எடுக்கிறதெண்டா இப்பயே எடுங்க. ஈயோட சேத்து எடுங்க."

ராத்தா அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான்கு மாதத்துக்குப் பிறகு. ஆனாலும் அவளுடைய ஒன்பது பரணுக்கும் நான்தான் பொறுப்பு. என்னுடைய பன்னிரண்டும் அவளுடைய ஒன்பதும் சேர்த்து இருபத்தொன்று. இன்னும் வர வேண்டியது மூன்று இலட்சத்து எழுபத்தெட்டாயிரம் ரூபாய்.