தராசின் ஒரு பல்

மேசையைத் துடைத்து முடித்ததும் உருத்திரமூர்த்தி முதலில் கைத்தொலைபேசியை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கவிழ்த்து வைக்கிறார். பிறகு யன்னலைச் சாத்துகிறார். சின்னக் காற்றுக்கும் தராசு ஆடும். அதற்குப் பிறகுதான் வெடிமருந்துப் போத்தல் அலுமாரியிலிருந்து இறங்கும். அதுவும் ஒன்றே ஒன்று. ஒரே மேசையில் இரண்டு மருந்து நிற்கக்கூடாது என்பது அவருடைய வீட்டுச் சட்டம்.

“மல்லித்தூளும் சீரகத்தூளும் மாறினா கறி பழுதாப்போம். இது மாறினா மூஞ்சை பழுதாப்போம்.”

சுவிஸ் நாட்டு ஷாஃப்ஹவுசன் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையல்காரர் அவர். மத்தியானச் சாப்பாடு முடிந்து இராச்சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும் வரைக்கும் கிடைக்கிற இடைவெளிக்கு இங்கே சிம்மர்ஸ்டுண்டே என்று பெயர். மற்றச் சமையல்காரர்கள் அந்த நேரத்தில் காலை நீட்டிப் படுப்பார்கள். இவர் சைக்கிளில் வீட்டுக்கு வந்து, சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கோதுகளைத் திரும்பவும் ரவைகளாக, புதுத் தோட்டாக்களாக ஆக்குவார். அடியில் பொறி தட்டுகிற சிறு மூடியைப் புதிதாகப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே ஈயச் சன்னத்தை அமுக்கிவிடுவது. ஒவ்வொரு கோதுக்குள்ளும் ரோச் லைட் அடித்துப் பார்ப்பார். பருப்பில் கல்லுப் பார்க்கிற அதே முகம்.

எல்லாம் சுவிஸ் இராணுவம் எப்போதோ கழித்துவிட்ட பழைய துவக்குகளுக்கு, நீளத் துப்பாக்கிகளுக்கு. அவற்றிலும் மிகப் பழையவை கடையில் விற்கிற ரவையைத் தாங்கா. கோதைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, உள்ளே இருக்கிற வேகம்தான் வேறு. ஆகவே அந்தக் கிழட்டுத் துவக்குகளைச் சுட ஆசைப்படுகிறவர்கள் மெதுவான ரவையைத் தாங்களே செய்ய வேண்டும், அல்லது செய்யத் தெரிந்த ஒருவரை நம்ப வேண்டும்.

அட்லிஸ்வில் முருகன் கோயில் திருவிழாவில் இவரைக் கண்டால் மைத்துனன் சயந்தன் விடமாட்டான். “அத்தான் ஊரிலை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவர். இஞ்ச வந்து சிவப்புப் பாஸ்போட் எடுத்த கையோடை துவக்கு வாங்கிப்போட்டார்” என்று நாலு பேர் கேட்கச் சொல்லுவான். உருத்திரமூர்த்தி மோதகத்தை மென்று முடித்துவிட்டே பதில் சொல்லுவார். “அது ஆளைப் பாத்தது, தம்பி. இது கடதாசிக் குறியைப் பாக்குது.”

துவக்கு வாங்கும் யோசனை அவருக்கு முதலில் இருக்கவில்லை. சுடுவோர் சங்கத்து விழாவில் சமைக்க ஆள் தேடிய பக்கத்து வீட்டு ஹான்ஸ்யூர்க் இவரைக் கூட்டிப்போனார். ஓய்வுபெற்ற தபால்காரர். உருத்திரமூர்த்தி என்று சொல்ல வராமல் முதல் நாளே ‘ரூடி’ ஆக்கிவிட்டவரும் அவர்தான். அன்று கோழிக்கறிச் சட்டி காலியான பிறகு, தன் பாட்டனாரின் நீளத் துவக்கை இவர் கையில் கொடுத்துப் படுத்துச் சுடச் சொன்னார். பிறகு கண்பார்வை மங்கி, தராசின் முள்ளைப் பார்க்கச் சிரமமானபோது, தன் கோதுகளையும் இவரிடமே தந்துவிட்டார். சங்கத்தில் வேறு யாரும் இன்னொருவரின் ரவையைத் தன் துவக்கில் போடுவதில்லை.

அந்தத் தராசு மின்சாரம் இல்லாத பழைய வகை. தண்டில் பற்கள் வெட்டியிருக்கும். சின்ன எடை ஒன்று பல்லுக்குப் பல் நகரும். சரிபார்க்க என்று கூட வந்த பித்தளைக்கல் அடுப்புக்குப் பின்னால் உருண்டு போய்க் கனகாலம். எடையை ஒருமுறை வைத்தால் வேலை முடியும்வரை அவர் அதைத் தொடுவதில்லை. ஆகவே கல் இல்லாத குறை தெரியவில்லை.

போன வசந்த காலத்தில் ஒரு புதன்கிழமை, ஹான்ஸ்யூர்க்கின் ரவைகளில் பாதியை முடித்துவிட்டு வேலைக்கு ஓடினார். மிச்சத்தை வியாழன் பின்னேரம் முடித்தார். வெள்ளிக்கிழமை பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சனி காலை, பாணுக்குச் சம்பல் வைத்தபடி மனைவி தில்லைநாயகி ஊர்க்கதை சொன்னாள். மேல்வீட்டுச் சிவதர்சினி, தட்டானிடம் கொடுத்துச் சின்னதாக்கின காப்பில் பவுன் குறைந்துவிட்டதோ என்று பயந்து வந்தாளாம். உந்தத் தராசிலேதான் நிறுத்துப் பார்த்தார்களாம். குறையவில்லையாம்.

அவர் பாணைக் கீழே வைத்தார்.

“எப்ப?”

“வியாழன் காலமை. நான் திருப்பி இருந்த இடத்திலைதானே வச்சனான்.”

எழுந்து போய்ப் பார்த்தார். எடை, இருக்க வேண்டிய பல்லுக்கு அடுத்த பல்லில் இருந்தது. புதன்கிழமை ரவைகள் சரி. வியாழன் ரவைகள் ஒவ்வொன்றிலும் மருந்து கூடிப்போயிருந்தது. இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. ஹான்ஸ்யூர்க் இந்நேரம் சூட்டுத்தளத்தில் இருப்பார். அவருடைய தொலைபேசி எப்போதும் போலக் காருக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது.

மேட்டில் சைக்கிளை மிதிக்கும்போதே, சூடு நடக்கிறது என்று காட்டும் கொடி ஏறியிருப்பது தெரிந்தது. ஹான்ஸ்யூர்க் படுத்தபடி, சூட்டுக்குச் சூடு திறந்து மூடுகிற துவக்கின் பூட்டை உள்ளங்கையால் தட்டித் தட்டித் திறந்துகொண்டிருந்தார். இவரைக் கண்டதும், இன்றைக்கு உன் ரவைக்கு நல்ல துள்ளல் என்று சிரித்தார். பூட்டு இறுகுகிறது என்றால் மருந்து மிஞ்சி உள்ளே அமுக்கம் கூடிவிட்டது என்று உருத்திரமூர்த்திக்குத் தெரியும். கதவுகளையே மெல்லச் சாத்துகிற மனிதர், “ஹால்ட்!” என்று போட்ட சத்தத்தில் வரிசை முழுவதும் நின்றது.

தளப் பொறுப்பாளர் சுட்ட கோதுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து அடியைப் பார்த்தார். சிலவற்றின் மூடி நசுங்கித் தட்டையாகியிருந்தது. தராசை வேறு யாராவது தொட்டார்களா என்று கேட்டார். உருத்திரமூர்த்தி தன் சமையலறை ஜெர்மனில், தராசு என்னுடையது, பார்க்காமல் தொடங்கியவன் நான் என்று சொன்னார். தான் வந்து பார்க்கும்வரை ரூடியின் ரவை இந்தத் தளத்துக்குள் வரக்கூடாது என்றார் பொறுப்பாளர். ஹான்ஸ்யூர்க் மிச்ச ரவைகளைப் பெட்டியில் போட்டு மூடி இவரிடம் நீட்டினார். துவக்கைத் துணியில் சுற்றினார். வழக்கமான கோப்பிக்கும் நிற்காமல் போனார்.

வீட்டில் தில்லைநாயகி வாசலிலேயே நின்றாள்.

“என்னைச் சொன்னியளோ?”

“இல்லை.”

“சொல்லியிருக்கலாம்தானே.”

“ஹான்ஸ்யூர்க் ரவை கேட்டது உன்னட்டையோ, என்னட்டையோ?”

அவள் தேத்தண்ணீர் ஊற்றப் போனாள். மிஞ்சிய ரவைகளை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். மருந்தைப் பூச்சாடிக்குப் போட்டால் பசளைதான் என்று அவர் கொண்டுபோக, “என்ரை கறிவேப்பிலைக்குக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ. உங்கடை ரோசாவுக்குப் போடுங்கோ” என்ற குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது.

அதன்பிறகு சிம்மர்ஸ்டுண்டேயில் அவரும் படுத்தார். நித்திரை வரவில்லை. ஹான்ஸ்யூர்க் படியில் வணக்கம் சொன்னார், அதற்கு மேல் கதைக்கவில்லை. சந்திக்கும் நேரத்தைத் தவிர்க்க இவர் குப்பையை விடியவே கொண்டுபோய்ப் போட்டார். தில்லைநாயகி தானாகவே போய் ஹான்ஸ்யூர்க்கின் மனைவிக்கு ஒரு தட்டு வடை கொடுத்து, காப்பு நிறுத்த கதையையும் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கோடையில் ஒரு பின்னேரம் மணி அடித்தது. ஹான்ஸ்யூர்க். துவக்குத் திருத்துகிறவர் பார்த்துவிட்டார், பூட்டில் கீறல் இல்லை என்றார். பின்னால் தளப் பொறுப்பாளரும் நின்றார். அவர் தராசை ஒரு முழுச் சிம்மர்ஸ்டுண்டே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார். ஹான்ஸ்யூர்க் போகும்போது கதிரையில் ஒரு துணிப்பையை விட்டுப்போனார். தூக்கிப் பார்த்தால் கோதுகள் கிலுங்கின.

இப்போதெல்லாம் யன்னலைச் சாத்திய பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. தராசுத் தண்டில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார். அதன் நேரே எடையை நகர்த்துகிறார். பிறகு திரும்பிப் பார்க்காமல், அடுப்படிப் பக்கம் இடது கையை நீட்டுகிறார். றொட்டிக்குக் குழைத்துக்கொண்டிருக்கும் தில்லைநாயகி கலியாண மோதிரத்தைத் திருகிக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைக்கிறாள். அந்தப் புள்ளி மோதிரத்தின் நிறை; தொலைந்த பித்தளைக்கல்லுக்குப் பதில் இப்போது அதுதான். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். மா ஒட்டியிருக்கிறது. அவள் கழுவி, சட்டையில் துடைத்து, ஒருமுறை ஊதி, இந்தமுறை தானே தட்டில் வைக்கிறாள். இருவரும் குனிந்து, தண்டு ஆடி ஓயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.